எஸ்டேட் என்றால் எந்த எஸ்டேட்?

'எஸ்டேட்' என்ற ஆங்கிலச் சொல் சென்னையின் மேற்குப் புறநகரில் மூன்று வேறு பொருள்களில் வழங்குகிறது. அம்பத்தூரில் அது தொழிற்பேட்டை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் வளாகம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மனை விற்பவரின் தொழில். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் பாடி மேம்பாலத்தருகே 'எஸ்டேட், எஸ்டேட்' என்று கூவும்போது தேயிலை மலைக்கு ஆள் சேர்ப்பதாக யாரும் எண்ணுவதில்லை. வால்பாறையிலிருந்து வேலை தேடிச் சென்னைக்கு வந்த ஒருவருக்கோ அதே சொல் காதில் வேறு விதமாக விழும். ஒரே சொல் இத்தனை இடங்களுக்கு எப்படிப் போனது என்று தேடினால், தமிழகத்தில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற கதையில் பாதி வந்துவிடும்.

சொல்லின் வேர் லத்தீன். 'ஸ்டாட்டஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு நிற்கும் நிலை என்று பொருள். அது பழைய பிரெஞ்சில் 'எஸ்டாட்' ஆகி, இங்கிலாந்துக்கு வந்தபின் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை 'ஸ்டேட்', அதாவது அரசு. மற்றொன்று 'எஸ்டேட்'. தொடக்கத்தில் எஸ்டேட் என்றது நிலத்தை அல்ல, ஒரு மனிதன் சமுதாயத்தில் நிற்கும் நிலையை. பிறகு அந்த நிலைக்கு ஆதாரமான சொத்தையும், கடைசியில் நிலத்தையும் அது குறித்தது. தமிழருக்கு இந்த மாற்றம் விளங்குவது கடினமில்லை. 'நில்' என்ற வேரிலிருந்தே நிலை, நிலம் இரண்டையும் வருவிப்பது தமிழ்ச் சொல்லாய்வாளர் வழக்கம். எஸ்டேட் என்ற ஒரு சொல்லுக்குள் ஆங்கிலேயர் அடைத்ததைத் தமிழ் இரண்டு சொற்களில் வைத்திருக்கிறது.

இங்கிலாந்துச் சட்டத்தில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே நிலம் முழுவதும் கோட்பாட்டளவில் அரசருடையது. குடிமகனுக்கு இருப்பது அந்த நிலத்தின்மேல் ஒரு 'எஸ்டேட்', அதாவது இன்ன காலத்துக்கு, இன்ன விதமாக அனுபவிக்கும் உரிமை. வழிவழியாக அனுபவிக்கலாம் என்றால் ஒரு வகை. உயிருள்ளவரை மட்டும் என்றால் இன்னொரு வகை. இந்தப் பிந்திய வகையை ஒத்த ஓர் உரிமை இந்தியாவில் பல குடும்பங்களைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தியது. கணவன் சொத்தில் விதவைக்குக் கிடைத்த வரம்புக்குட்பட்ட உரிமையை வக்கீல்கள் 'விதவையின் எஸ்டேட்' என்றே எழுதினார்கள். 1937-ஆம் ஆண்டுச் சட்டமும் பெண்ணுக்கு அந்த அளவு உரிமையைத்தான் தந்தது. அவள் அனுபவிக்கலாம், தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்த வரம்பை நீக்கி, பெண்ணை முழு உரிமையாளர் ஆக்கியது. ஆனாலும் ஆயுள் பாத்தியம் என்ற சொல் பழைய உயில்களில் இன்றும் தட்டுப்படுகிறது.

இந்த ஆங்கிலச் சொல் வருவதற்கு முன் இப்பகுதியில் நிலவுரிமைக்கு வழங்கிய சொல் காணி. தொண்டைமண்டலத்து ஊர்களில் நிலம் பங்கு பங்காகக் காணியாளரிடம் இருந்தது. நிலத்தைத் தாமே உழுதாலும் பிறரிடம் விட்டாலும், ஊர் விளைச்சலில் இன்ன பங்கு அவர்களுக்கு என்று வழக்கம் இருந்தது. முகலாய ஆட்சிச் சொல்லில் அது மிராசு. ஆற்காட்டு நவாபு முகம்மது அலி 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தபோது, இன்றைய மேற்குப் புறநகர் ஊர்களும் அந்தச் சீமைக்குள் வந்தன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். யாருக்கு என்ன பங்கு என்பது கம்பெனிக்கு ஓரளவு தெரிந்தது. தெரிந்தும் அது செய்த அடுத்த காரியம் விசித்திரமானது.

1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறை விதியின்படி சென்னை மாகாணத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. வங்காளத்தில் கார்ன்வாலிஸ் செய்ததைப் போலவே இங்கும் ஜமீன்தார்கள் வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. செங்கற்பட்டிலோ ஜமீன்தார் இல்லை. ஆகவே ஊர்களைச் சில சில கட்டுகளாகச் சேர்த்து ஏலம் விட்டார்கள். தமிழில் அந்தக் கட்டுக்குப் பெயர் மிட்டா, வாங்கியவர் மிட்டாதார். ஆங்கிலக் கோப்புகளில் அதுதான் எஸ்டேட். தலைமுறை தலைமுறையாகக் காணியாட்சி நடந்த மண்ணில் ஏலக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து 'உடையவர்' என்று உட்காரவைத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. வரி கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் சில ஆண்டுகளிலேயே அரசிடம் திரும்பின. மிராசு என்பது என்ன உரிமை என்று அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்குச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எழுதிய நீண்ட விடை, மிட்டாக்களின் அந்தத் தோல்விக்குப் பின் வந்தது. செய்தபிறகு விசாரிப்பது கம்பெனி ஆட்சியின் வழக்கங்களில் ஒன்று.

மிட்டா கவிழ்ந்த ஊர்களில் ரயத்வாரி முறை வந்தது. அரசுக்கும் பயிரிடுபவருக்கும் இடையில் ஆள் இல்லை. மாகாணத்தின் மற்றப் பகுதிகளில் ஜமீன்களும், கோயில்களுக்கும் பிராமணர்களுக்கும் விடப்பட்ட இனாம் ஊர்களும் நீடித்தன. இந்த இரண்டு உலகங்களையும் சட்டத்தில் பிரித்துக் காட்டப் பயன்பட்டது எஸ்டேட் என்ற சொல். 1908-ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் இன்னின்ன வகை ஊர்கள் எஸ்டேட் என்று வரையறுத்தது. அந்த ஊரின் குடியானவரை ஜமீன்தார் நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று காப்பும் தந்தது. 'இது எஸ்டேட் கிராமமா, ரயத்வாரி கிராமமா?' என்ற கேள்வி அன்று முதல் மூலப்பத்திரம் பார்க்கும் வக்கீலின் முதற் கேள்விகளில் ஒன்றாயிற்று. ஒரு வட்டத்திலேயே அடுத்தடுத்த ஊர்கள் வெவ்வேறு வகையாக இருக்கலாம். வரப்பைத் தாண்டினால் சட்டம் மாறும்.

1948-இன் 26-ஆம் சட்டம் ஜமீன் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்வாரியாக மாற்றியது. மக்கள் அதை ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்றார்கள். சட்டத்தின் பெயரில் இருப்பது ஜமீன் அல்ல, எஸ்டேட். அதில் அகப்படாமல் எஞ்சிய இனாம் ஊர்களுக்காக 1963-இல் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. தற்செயலாக அதன் எண்ணும் 26 தான். நிலவுடைமை என்ற பொருளில் எஸ்டேட் தமிழகச் சட்டப் புத்தகத்திலிருந்து இவ்வாறு பெரும்பாலும் விடைபெற்றது. அடுத்த ஆண்டு, 1964-இல், அம்பத்தூரில் அதே பெயரில் வேறொன்று பிறந்தது.

அதற்குப் போகுமுன் மலைக்குப் போய்வர வேண்டும். தமிழ்ப் பேச்சில் இச்சொல்லை வேரூன்றச் செய்தவை சட்டங்கள் அல்ல. காப்பியும் தேயிலையும் ரப்பரும். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையிலும் நீலகிரியிலும் பிறகு ஆனைமலையிலும் மலாயாவிலும் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, கங்காணிகள் தமிழகத்து ஊர்களில் ஆள் சேர்த்தார்கள். உழைக்கப் போனவர்கள் பெரும்பாலும் 'தோட்டம்' என்றார்கள். 'எஸ்டேட்' என்றது துரையும் கணக்கப்பிள்ளையும். லைன் என்ற ஆங்கிலச் சொல் 'லயம்' ஆனது. அழகான வடமொழிச் சொல் போல ஒலிக்கும் அந்தப் பெயர் கொண்ட அறை, ஒரு குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடந்த ஒற்றை அறை. மலாயாவில் ரப்பர் மரம் 'கித்தா' ஆயிற்று; அந்த மலாய்ச் சொல்லோடு காடு சேர்ந்து கித்தாக் காடு என்ற தமிழ்ப் பெயர் பிறந்தது.

அம்பத்தூர் எஸ்டேட் பிறந்த அதே 1964-இல், அக்டோபர் மாதம், இலங்கைத் தோட்டத் தமிழர் பற்றிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று கணக்குப் போட்டு மனிதர்களைப் பங்கிட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. பின்னாளில் அவை 'டான்டீ' நிறுவனம் ஆயின. ஒரு எஸ்டேட்டிலிருந்து எடுத்து இன்னொரு எஸ்டேட்டில் நட்டார்கள். மலாயாவில் நடந்தது வேறு. வெள்ளைக்கார நிறுவனங்கள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. அதற்குப் பெயர் தோட்டத் துண்டாடல். வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் நிலைமையில், தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்குவது என்று மலாயா இந்தியர் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

தமிழ் சினிமா நெடுங்காலம் இதை அதிகம் கவனிக்கவில்லை. திரையில் எஸ்டேட் என்றால் ஊட்டியில் பங்களா, நாய், மாடிப்படியில் இறங்கி வரும் பணக்காரத் தகப்பனார். சமவெளித் தமிழர் பலருக்கு அச்சொல் செல்வத்தின் அடையாளமாகப் பதிந்தது அந்தப் படிக்கட்டுக் காட்சிகளால்தான்.

இனி ஆலைகளுக்கு வரலாம். 'இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்' என்ற சொற்சேர்க்கையின் தொட்டில் மான்செஸ்டர் நகரை ஒட்டிய டிராஃபோர்டு பார்க். தலைமுறைகளாக டிராஃபோர்டு பிரபுக் குடும்பத்தின் எஸ்டேட்டாக, மான்கள் திரியும் பூங்காவாக இருந்த இடம் அது. 1894-இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் அதன் ஓரமாகத் திறக்கப்பட்டது. கரியும் கப்பலும் வந்த இடத்தில் மான் எதற்கு? 1896-இல் குடும்பம் அதை எர்னஸ்ட் டெரா ஹூலி என்ற பங்குச் சூதாடிக்கு 3,60,000 பவுனுக்கு விற்றது. அங்கே சாலையும் ரயிலும் போட்டு, மனை மனையாகப் பிரித்து ஆலைகளுக்கு விட்டார்கள். பிரபுவின் எஸ்டேட் ஆலை எஸ்டேட் ஆனது. சொல் மாறவில்லை, அதில் நின்றவர்கள் மாறினார்கள். 1920-இல் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில், முதல் உலகப் போரில் ராணுவ லாரிகளைப் பழுதுபார்க்க அமைத்த டிப்போ தனியாருக்கு விற்கப்பட்டு அடுத்த எஸ்டேட் எழுந்தது. 1936-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் டீம் வேலியில் அரசே முன்வந்து ஒன்றைக் கட்டியது. வேலையில்லாத் திண்டாட்டம் அதற்குக் காரணம். ஆலைகளைக் கூட்டிவரத் தனியார் வேண்டாம், அரசே சாலையும் கொட்டகையும் போட்டுத் தரலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது.

இந்தியாவில் அந்த எண்ணத்துக்குக் காலம் கனிந்தது 1955-இல். அதற்குச் சாட்சியான ஊர்களில் ஒன்று ஆவடி. இரண்டாம் உலகப் போரின்போது பெரிய ராணுவக் கிடங்காக இருந்த ஆவடியில், 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச மாதிரியான சமுதாய அமைப்பே இலக்கு என்று தீர்மானித்தது. கனரக ஆலைகள் அரசிடம். சிறுதொழில்களுக்கு அரசின் கைதூக்கல். சிறுதொழிலுக்கு நிலம், மின்சாரம், சாலை என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் தொழிற்பேட்டைத் திட்டமும் அந்த ஆண்டுகளில்தான் தொடங்கியது. நாட்டில் முதலில் எழுந்தவற்றில் ஒன்று குஜராத்தின் ராஜ்கோட். சென்னையில் 1958-இல் கிண்டி. காமராஜர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழிலமைச்சர். கிண்டி விரைவில் நிரம்பியது.

அடுத்த இடமாக அம்பத்தூரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கே ஏற்கெனவே மிதிவண்டி செய்துகொண்டிருந்தது. டன்லப் டயர் ஆலை வந்திருந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் உதிரிபாக ஆலைகள் 1960-களின் தொடக்கத்தில் எழுந்துகொண்டிருந்தன. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு. வண்டி செய்யும் பெரிய ஆலைகளுக்கு நட்டும் போல்ட்டும் புஷ்ஷும் வார்ப்பும் செய்து கொடுக்க நூற்றுக்கணக்கான சிறிய பட்டறைகள் தேவைப்பட்டன. கொரட்டூர், அம்பத்தூர், முகப்பேர் ஏரிகளுக்கு இடையிலான விரிந்த நிலம், பக்கத்தில் ரயில் பாதை, தெற்கே பூந்தமல்லி போகும் வழி. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து, ஆயிரத்துக்கும் அதிகமான ஆலைகளைக் கொண்டு, தெற்காசியாவின் மிகப் பெரிய சிறுதொழில் பேட்டை என்று பெயர் வாங்கியது அம்பத்தூர். 1970-இல் அரசின் சிறுதொழில் வளர்ச்சி நிறுவனமான சிட்கோ அமைந்தபின் நிர்வாகம் அதனிடம் சென்றது.

எஸ்டேட்டுக்குள் வழங்கும் பாஷை தனி. நிலம் 'பிளாட்', கட்டடம் 'ஷெட்', பகுதி 'நார்த் ஃபேஸ்', 'சவுத் ஃபேஸ்'. பெரிய கம்பெனி பொருளையும் வரைபடத்தையும் கொடுத்து, சிறிய பட்டறை கடைந்தோ துளையிட்டோ திருப்பித் தந்தால் அது 'ஜாப் ஒர்க்'. அதில் கிடைப்பது வேலைக்கூலி மட்டும்; பொருள் வேறொருவருடையது. லேத்துக்காரர், மில்லிங்காரர், பிரஸ் ஓட்டுபவர், பிளேட்டிங் போடுபவர் என்று ஒரே தெருவில் ஒரு பொருள் நான்கு கதவு ஏறி இறங்கி முழுமையடையும். பேட்டையின் உண்மையான பலம் இந்த நெருக்கம்தான். ஒரு டை உடைந்தால் அடுத்த தெருவில் சரிசெய்துகொள்ளலாம். இதே நெருக்கம் பலவீனமும் ஆகும். வண்டி விற்பனை சரிந்தால் முதலில் ஷிப்ட் குறையும், பிறகு ஓவர்டைம் நிற்கும், பிறகு டீக்கடையில் கூட்டம் குறையும். ஆலை முதலாளிகளின் சங்கமான 'அய்மா' இரண்டு ஆண்டுக்கொருமுறை நடத்தும் இயந்திரக் கருவிக் கண்காட்சிக்குத் தென்னிந்தியா முழுவதிலிருந்தும் பட்டறைக்காரர்கள் வருகிறார்கள்.

'இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்' என்பதைத் தமிழில் தொழிற்பேட்டை என்றாக்கியவர் யாராக இருந்தாலும் அவரைப் பாராட்ட வேண்டும். அரசு மொழிபெயர்ப்புகளில் இத்தனை பொருத்தமானவை குறைவு. பேட்டை என்பது கோட்டைக்கோ ஊருக்கோ வெளியே தொழில் செய்பவர்களும் வணிகர்களும் குடியேறிய இடம். ஆங்கிலேயர் 'பெட்டா' என்று எடுத்துக்கொண்டு, ஹாப்சன்–ஜாப்சன் அகராதியில் ஏற்றி, கொழும்பின் கடைவீதிக்கும் பெயராக விட்டது இந்தச் சொல்லைத்தான். சென்னையின் பழைய பேட்டைகளே உண்மையில் தொழிற்பேட்டைகள். திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை, கவர்னர் கோலெட் நெசவாளரைக் குடியமர்த்திய கோலெட்பேட்டை. ஆங்கிலப் பெயர் தமிழ் வாயில் காலடி ஆயிற்று. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்கு ராமாவின் தோட்டத்தை எடுத்து, நெசவாளர், நூற்பவர், சாயமிடுபவர், வெளுப்பவர் என்று துணித்தொழிலின் எல்லாக் கைகளையும் ஒரே இடத்தில் குடியேற்றி அமைத்தது சிந்தாதிரிப்பேட்டை. நிலம் கொடுத்து, முன்பணம் கொடுத்து, உற்பத்தியை ஒரே இடத்தில் வாங்கிக்கொள்வது. சிட்கோவுக்கு இருநூறு ஆண்டு மூத்த சிட்கோ. ஒரு வேறுபாடு முக்கியமானது. பழைய பேட்டையில் தறியும் வீடும் ஒன்று. அம்பத்தூரில் சங்கு ஊதியதும் ஆள் வெளியேற வேண்டும்.

இவ்வளவு நல்ல சொல் இருந்தும் பேச்சில் அது நிலைக்கவில்லை. பேருந்துப் பலகையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. கண்டக்டர் வாயில் எஸ்டேட். பக்கத்து மண்ணூர்பேட்டை மட்டும் பேட்டையாகவே இருக்கிறது. சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறு. ஜூரோங் தொழிற்பேட்டையோடு நில்லாமல், அடுக்குமாடி வீடுகள் நிறைந்த ஹவுசிங் எஸ்டேட்டையும் அங்குள்ள தமிழ்ச் செய்திகள் வீடமைப்புப் பேட்டை என்று எழுதுகின்றன.

ஆவடியின் எஸ்டேட் வேறு வழியில் வந்தது. 1961-இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் (எச்.வி.எஃப்.) 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மதிலுக்குள் இருப்பது 'ஃபேக்டரி', ஊழியர் குடியிருப்பு 'எஸ்டேட்'. கான்பூரின் அர்மாபூர் எஸ்டேட்டும் ஜபல்பூரின் வாகனத் தொழிற்சாலை எஸ்டேட்டும் இப்படிப் பெயர் பெற்றவை. அதன்படி எச்.வி.எஃப். எஸ்டேட்டில் ஆலை இல்லை. பள்ளியும் விளையாட்டுத் திடலும் மரநிழல் சாலைகளும் இருக்கின்றன. அம்பத்தூர்க்காரர் 'எஸ்டேட்ல இருக்கேன்' என்றால் வேலையில் இருக்கிறார். எச்.வி.எஃப். ஊழியர் அதையே சொன்னால் வீட்டில் இருக்கிறார். ரயிலில் நான்கைந்து நிலையத் தூரம்தான்.

இந்த எஸ்டேட்டுக்கு ஒரு அதிகாரியும் உண்டு. அரசு இடங்களில் அனுமதியின்றி இருப்பவர்களை வெளியேற்றுவதற்கான 1971-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், அந்த உத்தரவைப் பிறப்பிப்பவருக்கு 'எஸ்டேட் ஆபீசர்' என்று பெயர் தருகிறது. ஓய்வு பெற்றபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்யத் தாமதித்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். ராணுவ நிலங்களைக் கவனிக்கும் துறையின் பெயரும் டிஃபன்ஸ் எஸ்டேட்ஸ். 2021 அக்டோபர் 1 அன்று ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, எச்.வி.எஃப். ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட புதிய கவச வாகன நிறுவனத்தின்கீழ் வந்தது. ஆவடி என்ற பெயரே 'கவச வாகன, வெடிமருந்துக் கிடங்கு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் என்று ஒரு கதை அவ்வூரில் பலமாக உலவுகிறது. பிறகு கட்டிய கதை அது. கவச வாகனம் என்ற ஒன்று உலகில் உருவாவதற்கு முன்பே ஆவடி என்ற ஊர் இருந்தது.

மூன்றாவது எஸ்டேட்டின் முன்னால் ஒரு 'ரியல்' இருக்கிறது. அது உண்மை என்ற பொருளில் வந்த சொல் அல்ல. லத்தீனில் 'ரெஸ்' என்றால் பொருள், வஸ்து. இங்கிலாந்தில் நிலத்தைப் பறிகொடுத்தவர் வழக்காடினால் அந்த நிலத்தையே மீட்கலாம். மாட்டையோ பாத்திரத்தையோ பறிகொடுத்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஈட்டுத் தொகை மட்டும். வஸ்துவையே மீட்கும் வழக்கு 'ரியல்' வழக்கு. அதனால் நிலம் 'ரியல்' சொத்து. தமிழில் அசையாச் சொத்து என்கிறோம். எடுத்துப்போக முடியுமா என்பது நம் அளவுகோல். கோர்ட்டில் மீட்க முடியுமா என்பது அவர்களுடையது.

தமிழில் 'ரியல் எஸ்டேட்' இன்னொரு திருப்பம் எடுத்தது. ஆங்கிலத்தில் அது சொத்து. தமிழில் அது தொழில். 'அவர் என்ன செய்கிறார்?' 'ரியல் எஸ்டேட் பண்றார்.' முதலீடு செய்பவர், லேஅவுட் போடுபவர், இரண்டு பேரைச் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்குபவர் மூவருக்கும் இது பொதுப் பட்டம். அளவுக்கும் ஓர் ஆங்கிலச் சொல் உண்டு: 'கிரவுண்டு', 2,400 சதுர அடி. சென்னையைத் தாண்டினால் இதன் செல்வாக்கு குறைந்து சென்ட் வந்துவிடும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலை பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையையும் ஆவடியை அடுத்த நெமிலிச்சேரியையும் இணைத்த பிறகு, வயலாக இருந்த இடங்களில் வண்ணக் கொடிகள் நடப்பட்டன. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலான மெட்ரோ பாதை விளம்பரங்களில் இன்னொரு வரியைச் சேர்த்தது. பஞ்சாயத்து அப்ரூவல் மட்டும் பெற்ற மனைகளை ஆயிரக்கணக்கில் விற்ற காலம் 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் பதிவுக்குத் தடை போட்டதும் தடுமாறியது. அதே ஆண்டு மத்திய அரசின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. தமிழக அரசின் தமிழில் அது 'கட்டட மனை விற்பனை' ஒழுங்குமுறை. எஸ்டேட்டை விட்டுவிட்டு விற்பனையைப் பிடித்துக்கொண்ட மொழிபெயர்ப்பு, உள்ளதைச் சொல்லிவிட்டது.

மீதிப் பொருள்களுக்கு அதிக இடம் வேண்டாம். இறந்தவர் விட்டுப்போன சொத்து மொத்தமும் எஸ்டேட். அதன்மேல் 1953 முதல் விதித்த எஸ்டேட் டியூட்டியை 1985-இல் நீக்கினார்கள். பின்பக்கம் சாமான் ஏற்றும்படி நீண்ட கார் எஸ்டேட் கார். பண்ணை வைத்திருந்த ஆங்கிலேயர்களுக்குப் பயன்பட்டதால் வந்த பெயர் அது, டாடா 1992-இல் அதையே தன் வண்டிக்கு வைத்தது. பத்திரிகைகளை 'ஃபோர்த் எஸ்டேட்' என்பதிலும் பழைய 'நிலை' என்ற பொருள் மிஞ்சியிருக்கிறது. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று நிலையினருக்கு அடுத்த நான்காம் நிலையினர். நம்மவர்கள் அதை நான்காவது தூண் ஆக்கி, மற்ற மூன்று தூண்களாகச் சட்டமன்றத்தையும் நிர்வாகத்தையும் நீதிமன்றத்தையும் எண்ணிக்கொண்டார்கள். எண்ணிக்கை ஒன்றுதான், எண்ணப்பட்டவர்கள் வேறு.

அம்பத்தூரில் 2000-க்குப் பிறகு சில பழைய ஷெட்டுகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. லேத் ஓடிய தெருவில் அடையாள அட்டை தொங்கும் கழுத்துகள் நடக்கின்றன. நிலத்தின் விலை, அதில் செய்யும் உதிரிபாகத்தின் லாபத்தை மிஞ்சிவிட்டால் சிறிய பட்டறை திருமழிசைக்கோ காக்களூருக்கோ நகர்கிறது. தொழில் எஸ்டேட்டை ரியல் எஸ்டேட் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்று சொல்ல இடமிருக்கிறது. புதிதாக வரும் இத்தகைய வளாகங்களுக்கு எஸ்டேட் என்று பெயர் வைப்பது அரிது, ஐ.டி. பார்க், டெக் பார்க், தமிழில் தொழிற்பூங்கா. மானை விரட்டிய டிராஃபோர்டு பார்க்கின் பெயருக்கே சுற்றி வந்துவிட்டார்கள்.

முகவரியிலும் பழைய சொல் நீடிக்கிறது. அஞ்சல் துறை 1972-இல் பின்கோடு கொண்டுவந்த பிறகு, அம்பத்தூருக்கு 600053 இருக்க, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு என்றே 600058 தனியாக உண்டு. ஆவடி எச்.வி.எஃப். எஸ்டேட்டுக்கு 600054. கடிதமோ பார்சலோ அனுப்புகிறவர்கள் 'எஸ்டேட், சென்னை' என்று மட்டும் எழுதிவிட்டு இந்த எண்ணை விட்டுவிட வேண்டாம்.